துணைக்கால்

தம்பி, அந்தச் சன்னல் ஓரத்த எனக்குத் தாறீங்களா? வாந்தி கீந்தி ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. திருநெல்வேலி ஆத்துப்பாலம் வரும்போது எனக்கு வெளிய ஒரு சோலி கெடக்கு. அது முடிஞ்சதும் திரும்ப நீங்களே உக்காந்துக்கிடலாம். நல்லாருங்க. கேட்டதும் எந்திரிக்கிற பிள்ளைய இந்தக் காலத்துல பாக்கவே முடியல. பாதிப் பேரு காதுல வயர மாட்டிக்கிட்டு, உசிரு இருக்கா இல்லையான்னே தெரியாம உக்காந்திருக்கான்.

நீங்களும் திருநெல்வேலிதானா? நல்லதாப் போச்சு. நான் செம்மண்குறிச்சி. கயத்தாறுக்குக் கிழக்க உள்ள போகணும். பேரு வீரபெருமாள். ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவான். நல்லபடியாச் சொல்லுவானான்னு கேக்காதீங்க. ஊர்க்காரப் பயலுவளுக்கு என்னைக் கண்டா ஆகாது, எனக்கு அவனுவளக் கண்டா அதுக்கு மேல ஆகாது. அதுல ஒண்ணும் குறை இல்ல.

மண்ணுக்குள்ள இரும்பு பித்தளை கெடந்தா கீய்ங்கீய்ங்னு கத்துமே ஒரு மிஷினு, பாத்திருக்கீங்களா? நீளமா ஒரு கம்பு, அடியில தோசைக்கல்லு மாதிரி ஒரு தட்டு. எங்க ஊருக்கு அது வந்துதான் தம்பி இவ்வளவு கூத்தும். கொண்டு வந்தவன் வேற யாரும் இல்ல, என் தங்கச்சி ஆவடையைக் கட்டின மாப்பிள்ளை. பலவேசம்னு பேரு. திருநெல்வேலி பேட்டையில இருக்கான். குவைத்துல மண்ணுக்கு அடியில எண்ணெய்க் குழாய் எங்க போகுது எங்க வருதுன்னு இந்த மிஷின வச்சுத் தடவிப் பாக்கிற வேலை அவனுக்கு. அதை என்னமோ ராக்கெட் விடுத மாதிரிச் சொல்லுவான். ஊருக்கு வந்தவன் சும்மா வராம ஒரு மிஷினையும் வாங்கிட்டு வந்துட்டான். கண்ணுல கறுப்புக் கண்ணாடி, கால்ல பூட்ஸ். கம்மாக்கரையில அவன் நடந்து போறதைப் பாத்தா, ஆடு மேய்க்கிற பொம்பளைகூட வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா.

நான்தான் அவனைக் கூப்பிட்டேன். இதையும் சொல்லிருதேன், பிறகு மறைச்சேன்னு பேரு வரக் கூடாது. ஏன் கூப்பிட்டேன்னா, வாளுக்காக.

எங்க சாமி கதையைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். வெள்ளைக்காரன் கோட்டைகள இடிச்ச காலம். எங்க ஊருக்கு வடக்க ஒரு மேடு கெடக்கு, கோட்டைமேடும்பாங்க. சின்னப் பாளையக்காரர் ஒருத்தர் இருந்த இடம். கம்பெனிப் பட்டாளம் வந்து பீரங்கி வச்சு அடிச்சு, அங்கன ஒரு செங்கல்லு நிக்க விடல. அந்தச் சண்டையில எங்க வகையறா மனுசர் ஒருத்தர் பித்துப் பிடிச்சவர் மாதிரி நின்னு வெட்டியிருக்கார். அதனாலதான் பித்தன். வீர பித்தன். குண்டடி பட்டு, ரத்தம் ஒழுக ஒழுக எங்க வீட்டுப் பின்வாசலுக்கு வந்து, தண்ணி தண்ணின்னு கேட்டிருக்கார். கேட்ட இடத்துலயே உசிரு போயிட்டு. அங்கனயே அடக்கம் பண்ணிப் பீடம் போட்டு இன்னைக்கு வரைக்கும் கும்பிட்டு வாறோம்.

சொந்த வீட்டுக்கு வந்தவர் ஏன் பின்வாசலுக்கு வந்தார்னு ஆவடை சின்னப் பிள்ளையிலயே கேப்பா. அப்பவே அப்படித்தான் அவ. குண்டடி பட்டவனுக்கு முன்வாசல் என்ன, பின்வாசல் என்ன. இதெல்லாம் ஒரு கேள்வியா?

எங்க சாமிக்குக் கொடை சித்திரையில. மத்த ஊர்க் கொடைகள நீங்க பாத்திருப்பீங்க, குதிக்கதும் உருளுததும் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டுக் கத்துததும். எங்க சாமி அப்படி அரக்கப்பரக்க ஆடாது. நான்தான் சாமியாடி, அதனால சொல்லுதேன். சாமி வந்ததும் விறைப்பா நிமிந்துரும். கம்பத் தோள்ல சாத்திக்கிடும். இடது கால், வலது கால், இடது கால், வலது கால்னு ஒரே சீரா எடுத்து வச்சு எல்லை வரைக்கும் போயி, டக்குன்னு குதிங்கால்ல திரும்பி வரும். அவ்வளவு மரியாதை. உடுப்பு செவப்புச் சட்டை. வேட்டியில ஒரு நூலு செவப்பு இல்லாட்டியும் பரவால்ல, சட்டை செவப்பா இருக்கணும். படையல்ல கறி சோறு, சுருட்டு, ஒரு புட்டி பிராந்தி, அதோட ரொட்டி. பேக்கரி ரொட்டிதான். எந்தக் காலத்துல இருந்தோ ரொட்டி வைக்கோம். எங்க சாமிக்கு நாக்கு ருசி அப்படி.

வாக்கு சொல்லுததுக்கு முன்ன ஒரு சத்தம் போடும். உக்குந்தார்! அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டம் மொத்தமும் உக்காந்துரும். ஏன்னா உக்காந்தார்னு அர்த்தம். சாமி வந்து உக்காந்துட்டார், நீங்களும் உக்காருங்கன்னு. எங்க ஐயா ஆடும்போதும் அதே சத்தம்தான், அவுக ஐயா ஆடும்போதும் அதே சத்தம்தான். உங்க ஊர்ல எந்தச் சாமிக்காவது இப்படி ஒரு ஒழுங்கு உண்டா?

எல்லாத்துக்கும் முதல்ல, பந்தல் கால் நடும்போதே, வகையறாவுல மூத்தவன் ஒரு செம்புத் தண்ணியப் பீடத்துக்கு முன்னால வச்சு, குப்புற விழுந்து ஒரு வார்த்தை சொல்லணும். தெரியாம செஞ்சிட்டோம், பொறுத்துக்கிடணும். அவ்வளவுதான். எங்க ஆளுகளுக்கு அவ்வளவு பணிவு. செய்யாத தப்புக்குக்கூட மன்னிப்புக் கேக்கிற குடும்பம்.

இவ்வளவு பெரிய சாமிய வச்சிருந்தும், மேலத்தெருக்காரனுவ எங்களச் சொல்லுத பேரு என்ன தெரியுமா? பதுங்குன வகையறா. கோட்டை விழுந்த அன்னைக்கு எங்க ஆளுக எல்லாம் குதிருக்குள்ள பதுங்கிக் கெடந்தாங்களாம். சின்னப் பிள்ளையில ஓடிப் பிடிச்சு விளையாடும்போதுகூட அதைச் சொல்லித்தான் கேலி பண்ணுவானுவ. அது எனக்கு இன்னும் எரியுது தம்பி. வயசு அறுவதைத் தாண்டியாச்சு, இன்னும் எரியுது.

இப்ப ஊருக்குள்ள நுழையுத எடத்துல ஒரு வளைவு கட்டுதாங்க. கோட்டைச் சண்டையில செத்தவங்க பேரெல்லாம் கல்லுல வெட்டி வைக்கிற வளைவு. கமிட்டின்னு நாலு பேரு. அதுல மூணு பேரு கையெழுத்தைப் பாத்தா கோழி கிளறுன மாதிரி இருக்கும். அவனுவ என்னைப் பாத்துக் கேக்கான், உங்க ஆளு சண்டை போட்டதுக்கு அடையாளம் என்ன வச்சிருக்கீருன்னு. மேலத்தெருக் கொம்பையா வீட்டுல ஒரு வாளு இருக்காம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கான். பள்ளிக்கூட நாடகத்துல கொம்பையா மகன் ராஜா வேசம் போட்டானே, அதுக்குச் செஞ்ச தகரம் அது, ஊருக்கே தெரியும். ஆனா பெட்டிக்குள்ள வச்சுட்டா யாரு கேக்கா?

அதனாலதான் பலவேசத்தக் கூப்பிட்டேன். மாப்ள, நம்ம சாமி அடக்கமான எடத்துல அவர் வாளும் கெடக்கணும், உம்ம மிஷினு சும்மாத்தான கெடக்கு, எடுத்துட்டு வாரும்னு. அவன் உடனே வந்துட்டான். சாமி மேல பக்தியா? மண்ணாங்கட்டி. வில்லுப்பாட்டுல எங்க சாமிய வருணிச்சு ஒரு அடி வரும், மாரெல்லாம் பொன்னு மின்ன வந்தாரேன்னு. இவனுக்கு அந்தப் பொன்னு மேல கண்ணு. பாட்டுக்காரன் பாட்டுல பொன்னுன்னா நெசமாவே பொன்னா? குவைத்துக்குப் போயிட்டு வந்தும் அவ்வளவுதான் அறிவு.

தை மாசம், அறுப்பு முடிஞ்சதும் ஒரு நாளு. பீடத்துக்குப் பின்னால பூவரசமரம். நான் சூடம் கொளுத்தி உத்தரவு கேட்டேன், பல்லி சொல்லுச்சு. இவன் மிஷின ஓட்டினான். மொத மொத ஒரு சைக்கிள் பெல்லு. பிறகு ஒரு லாடம். பிறகு எவனோ தொலைச்ச திருகாணி. ஒவ்வொண்ணுக்கும் ஆவடை, அண்ணே இதுதான் வாளான்னு கேக்கா. அண்ணன்னு ஒரு பயம் கிடையாது.

பீடத்து ஓரத்துல தட்டு போனதும் மிஷினு நிக்காமக் கத்துச்சு பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துட்டு. நானே மம்பட்டிய வாங்கி வெட்டினேன். முழங்கால் ஆழம் போனதும் பச்சை பச்சையா களிம்பு பிடிச்ச வட்டக்காசு. ஒண்ணு, ரெண்டு இல்ல, வரிசையா. ரெண்டு பத்தியா மேல இருந்து கீழ வரைக்கும் ஒழுங்காக் கெடந்துச்சு, ஒரு சட்டைய மல்லாக்க விரிச்சுப் போட்ட மாதிரி. நான் அப்பவே சொல்லிட்டேன், இது பாளையக்காரர் குடுத்த முத்திரைக் காசு, எங்க தாத்தாமாருக்கு மாலையாக் கோத்துப் போட்டிருக்கார்னு. பின்பக்கம் ஒரு வளையம் இருந்துச்சு, கோக்கதுக்குத்தான.

வாளும் ஆம்புட்டுச்சு. காசு வரிசை முடியுத எடத்துக்கு மேல, கழுத்து வாக்குல. துரு ஏறி ஒரே கட்டியா இருந்துச்சு. பலவேசம் அதை எடுத்துத் தட்டிப் பாத்துட்டு, மச்சான், வாளுன்னா நீளமா இருக்குமே, இது என்ன இவ்வளவு கட்டையா, நுனி வேற வளைஞ்சிருக்குன்னான். மண்ணுக்குள்ள அத்தன காலம் கெடந்தா நீ வளைய மாட்டியாலேன்னு கேட்டேன். ஆவடைதான் அதை வாங்கிக் கையில பிடிச்சுப் பாத்தா. பிடிச்சுப் பாத்தவ மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு. அண்ணே, இது வெட்டருவாள்லா, நம்ம வீட்டு எறவானத்துல சொருகியிருக்குமே, அதே மாதிரின்னா. பொம்பளைக்கு வாளைப் பத்தி என்ன தெரியும்? அடுப்பங்கரையில கத்திரிக்கா நறுக்குதவ.

சரி, அத்தோட முடிஞ்சிருந்தா நானும் இன்னைக்கு இப்படி பஸ்சுல உக்காந்து உங்ககிட்டப் புலம்ப வேண்டியதில்ல. பலவேசம் அந்தக் காசுகளப் போனுல படம் பிடிச்சு ஊரெல்லாம் அனுப்பிட்டான். அதைப் பாத்துட்டு ஒரு டீச்சரம்மா வந்தாவ. ஏதோ காலேஜுல சரித்திரம் சொல்லிக் குடுக்காவளாம், ஞானசுந்தரின்னு பேரு. கழுத்துல கேமரா, தலையில தொப்பி. நல்ல மனுசிதான், மோர் குடுத்தா குடிச்சாவ. குடிச்சுட்டு ஒரு காச எடுத்துப் பல்லு தேய்க்கிற பிரஷ் வச்சு மெதுவாத் தேய்ச்சாவ. நடுவுல ஒரு நம்பர் தெரிஞ்சுச்சு. சுத்தி இங்கிலீஷ் எழுத்து. பாத்துட்டுச் சிரிச்ச மொகமாச் சொல்லுதாவ, ஐயா, இது காசு இல்ல, கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய் சட்டையில போடுத பட்டன்னு.

நானும் சிரிச்சேன். எம்மா, நீங்க சட்டைக்கடைக்கு வந்திருக்கீங்களா, சாமி கோயிலுக்கு வந்திருக்கீங்களான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஆவடை மட்டும் சிரிக்கல. ஆவடை என்னையே பாத்துக்கிட்டு நிக்கா.

அண்ணேன்னா. என்னட்டின்னேன். அம்மை பட்டன்னா சொல்லுவா? நம்மளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது என்ன சொல்லுவா? சட்டைக்கு என்னது மாட்டச் சொல்லுவான்னா.

எனக்கு அது தெரியாம இல்ல. அந்த வார்த்தையெல்லாம் இப்ப யாரு சொல்லுதா? எங்க அம்மைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பழைய காலத்து மனுசி, நாக்குல வந்ததைச் சொல்லுவா. அதை வச்சு ஒரு சாமி பேரையே மாத்த முடியுமா? ஊர்ல கெழடு கட்டைகள் எல்லாம் சாமி பேரைக் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லும். நாக்கு தடிச்ச ஆளுக. முந்தி கோயில் போர்டுலயும் அப்படித்தான் ஒரு கால் கூடுதலாப் போட்டு எழுதியிருந்துச்சு. பித்தன் சாமின்னு எழுத வேண்டிய எடத்துல, தன்னாவுக்குப் பக்கத்துல ஒரு துணைக்கால். நான்தான் தர்மகர்த்தா ஆனதும் பெயிண்டரக் கூப்பிட்டு, ஏலே, ஈசனுக்கே பித்தன்னு பேரு இருக்கு, படிச்சவன் பாத்தா காறித் துப்புவான், அந்தக் கால எடுத்துருன்னு சொன்னேன். எடுத்துட்டான். எடுத்த எடம் இப்பவும் லேசா வெள்ளையாத் தெரியும். மழை பெஞ்சா கொஞ்சம் நல்லாவே தெரியும்.

டீச்சரம்மா அத்தோட விடல. சாமி எப்படி ஆடும்னு கேட்டாவ. நான் ஒண்ணு ரெண்டு அடி எடுத்து வச்சுக் காட்டினேன். உக்குந்தார்னு சத்தமும் போட்டுக் காட்டினேன். அவ்வளவுதான், அந்தம்மா கையில வச்சிருந்த பிரஷக் கீழ வச்சுட்டாவ. இன்னொரு தடவை சொல்லுங்கன்னாவ. சொன்னேன். பட்டாளத்துல காவல் நிக்கிறவன், யாராவது பக்கத்துல வந்தா இங்கிலீஷ்ல, ஹூ கம்ஸ் தேர், யாரு அங்க வாறதுன்னு கேப்பானாம். அந்த இங்கிலீஷ் நம்மூர்ச் சிப்பாய்மார் வாயில விழுந்து உக்குந்தார் ஆயிட்டாம். எனக்கு வந்த கோவத்துக்கு. யாரு வாறதுன்னு கேக்கதுக்குச் சாமிக்குக் கண்ணு தெரியாதா தம்பி? என்ன பேச்சு இது?

அவங்களப் பத்திரமா பஸ் ஏத்தி விட்டேன். இந்த ஆராய்ச்சிய எல்லாம் வளைவுக் கமிட்டிட்டச் சொல்லிறாதீங்கம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னேன். சொல்ல மாட்டேன், அது உங்க வீட்டு விசயம்னாவ. அப்படிச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கல.

திரும்பி வந்தா ஆவடை பீடத்துக்கு முன்னால உக்காந்திருக்கா. அண்ணே, அந்த மனுசன் வேற ஊர்க்காரன். சண்டையில தப்பி, வழி தெரியாம, தாகத்துல நம்ம பின்வாசலுக்கு வந்திருக்கான். கம்பெனி உடுப்பப் பாத்து நம்ம ஆளுக பயந்துட்டாங்க. தண்ணி கேட்டவனை வெட்டிட்டாங்க. அதுக்குத்தான் தண்ணி வச்சு வச்சு மன்னிப்புக் கேக்கோம். அவன் நம்ம தாத்தா இல்லண்ணே, நம்ம கொன்ன பிள்ளைன்னா.

இப்படி ஒரு வார்த்தை. கூடப் பொறந்தவ வாயில இருந்து. நான் என்ன செய்வேன் சொல்லுங்க. வெளிய போடின்னேன். இனிமே இந்த நடையில மிதிக்காத, உனக்கு அண்ணன் கிடையாதுன்னேன். நல்லாத்தான் கேட்டேன். நான் கேட்டதுல தப்பு இருந்தாச் சொல்லுங்க. மேலத்தெருக்காரன் காதுல இது விழுந்தா என்ன ஆகும்? பதுங்குன வகையறான்னு சொன்னவன், இனிமே தண்ணி கேட்டவனை வெட்டுன வகையறாம்பான். பதுங்குனதே தேவலைன்னு ஆயிரும். வளைவுல பேரு வருமா? காறி உமிழ மாட்டானுவளா?

பலவேசம் அந்தக் காசுகள எல்லாம் துணியில கட்டி எடுத்துட்டுப் போயிட்டான். பொன்னு இல்லன்னதும் அவனுக்கும் வெறுத்துப் போச்சு. மிஷின விக்கப் போறானாம், வாங்க எவன் இருக்கான். நான் ஒரே ஒரு காச மட்டும் இடுப்புல செருகிக்கிட்டேன். ஏன் எடுத்தேன்னா, சாமி சொத்து மொத்தமும் அவன் வீட்டுக்குப் போறதா? வாள நான் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கமிட்டியில குடுத்துட்டேன். அவனுவளுக்கு அது வாளா அருவாளா கோடாலியான்னு பாக்கத் தெரியல, தலைய ஆட்டிட்டு வாங்கிக்கிட்டானுவ. அறிவுகெட்ட கூட்டத்துக்கு நடுவுல இருக்கதுல அப்படி ஒரு சவுரியமும் இருக்கு. பேரு வெட்டச் சம்மதம் ஆயிட்டு. கல்லு வெட்டுதவன் திருநெல்வேலியில இருக்கான். வீர பித்தன், கோட்டைச் சண்டையில உயிர் நீத்தவர். அந்த வாசகத்தச் சொல்லத்தான் இப்பப் போறேன்.

போற வழியிலயே இந்தக் காசையும் ஆத்துல போட்டுரலாம்னு. இருக்கப் போயித்தான மனசக் கிண்டுது. எல்லாரும் பாலத்துல போகும்போது தாமிரவருணித் தாய்க்குக் காசு போடத்தான செய்யுதான், நாம ஒண்ணு போட்டா யாரு என்னன்னு கேக்கப் போறா.

ஆவடை இப்ப என்ன செய்திருக்கா தெரியுமா? கொடை வருதுல்லா, சாமிக்குன்னு செவப்புச் சட்டை ஒண்ணு தச்சு வச்சிருக்காளாம். மண்ணுல கெடந்த அந்தக் காசுகளையெல்லாம் புளி போட்டு விளக்கி, வரிசையா அதுல தச்சிருக்காளாம். அவர் சொத்து அவர்ட்டயே இருக்கட்டும்னு. பக்கத்து வீட்டுக்காரிட்டச் சொல்லி விட்டிருக்கா. ஒரு எடம் மட்டும் காலியாக் கெடக்காம். நெஞ்சுக்கு நேர. ஒண்ணு குறைச்சலாப் போட்டுக்கிட்டுச் சாமி எப்படி எல்லைக்கு நடக்கும்னு கேட்டு விட்டிருக்கா. என்னைக் குத்துத மாதிரி. நான் எடுத்தது அவளுக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில நான் எதை எடுத்து எங்க ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிச்சுருவா. பலவேசத்துக்கு மிஷினு வேணும், இவளுக்கு அதுவும் வேண்டாம்.

கொடைக்கு அவ வரமாட்டா. நான்தான் வரக் கூடாதுன்னேனே. கொலவை போடுததுக்கு இந்த வருசம் ஆள் இல்ல. எங்க வீட்டு மருமகளுவ போடுத கொலவை, பூனை இருமுத மாதிரி இருக்கும். ஆவடை போட்டா அந்தக் கம்மாக்கரை வரைக்கும் கேக்கும். அவ கொலவை கேட்டாத்தான் எனக்குச் சாமியே வரும். சவத்த, அதைவிடுங்க.

வண்ணாரப்பேட்டை வந்துட்டா? இந்தா பாலம். கொஞ்சம் சாஞ்சுக்கிடுங்க தம்பி, சன்னல நல்லாத் தள்ளிக்கிடுதேன். தண்ணி எவ்வளவு கிடக்கு பாருங்க. இதுதான் அந்தக் காசு. கையில வேணா பாருங்க, பின்னால வளையம் இருக்கு பாருங்க. என்ன, நீங்களும் பட்டன்னுதான் சொல்லுதீங்க. சரி, குடுங்க இங்க.

தாயே, ஏத்துக்கோ.

ஐயையோ. கம்பியில பட்டு உள்ள விழுந்துட்டு. எங்க போச்சு? உருண்டுட்டு, உருண்டுட்டு, காலத் தூக்குங்க தம்பி. எம்மா, அந்தக் கூடைய எடு. எடும்மா, காதுல விழலையா. கண்டக்டர், வண்டிய நிறுத்தச் சொல்லும். ஐயோ, பித்தானே. எங்கப்பா போயிட்டீரு. பித்தானே, பித்தானே, தெரியாம செஞ்சிட்டோம், பொறுத்துக்கிடணும், தெரியாம செஞ்சிட்டோம் எங்கப்பா.

ஆம்புட்டுதா? குடுங்க, குடுங்க. நல்லாருப்பீங்க தம்பி, உங்க பிள்ளை குட்டி நல்லாருக்கும். அழுக்கு ஒண்ணும் ஆகல. துண்டுல துடைச்சாச் சரியாப் போயிரும்.

என்ன அப்படிப் பாக்கீங்க? கண்ணுல தூசி. சன்னல் ஓரம்லா. நான் பித்தனேன்னுதான் சொன்னேன். பஸ் போடுத சத்தத்துல உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது. இந்தப் பஸ்சும் ஒரு பஸ்சா, கடகடன்னு ஓட்டை டப்பா.

பாலம் தாண்டிட்டு. சரி, போகட்டும். திரும்பி வரும்போதும் இதே பாலம்தான, எங்க ஓடிரப் போகுது. கல்லு வெட்டுதவனும் எங்கயும் ஓடிர மாட்டான். இன்னைக்குச் சொன்னா இன்னைக்கேவா வெட்டிரப் போறான், அவன் ஒரு சோம்பேறி. இந்தாங்க, நீங்க உங்க எடத்துல உக்காருங்க.

தம்பி, பேட்டைக்கு எங்கன நின்னா பஸ்சு வரும்? சும்மாத்தான் கேக்கேன். போறேன்னு சொல்லல. அவ தைக்கிறதும் ஒரு தையலா? பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது எனக்குச் சட்டைப் பித்தான் தச்சு விடுவா, மணி அடிக்கதுக்கு முன்ன அந்து கையில வந்துரும். பக்கத்துல ஒரு ஆளு நின்னு பாத்தாத்தான் ஒழுங்காத் தைப்பா.